சமையலறையில் ஒரு மறுகால்



என் அம்மா ராமநாதபுரம் சீமைக்காரர். இடி இடித்தாலும் தூங்குவார். தண்ணீர் சொட்டினால் விழித்துக்கொள்வார். போன மாதம் எங்களோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாமென்று சென்னைக்கு வந்தார். வந்த இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு என் தோளைத் தட்டி எழுப்பினார்.

"தம்பி, அடுப்படியில மறுகால் பாயுதுப்பா."

கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கின் மேலேறி வெளியே போவதை எங்கள் பக்கத்தில் மறுகால் என்போம். பெரிய மழை பெய்த மறுநாள் காலையில் ஊரே கரைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வரும். சமையலறையில் மறுகாலா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு போனேன். சிங்க் குழாய் நன்றாகத்தான் மூடியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த ஆர்.ஓ. மெஷினில் தொட்டி நிரம்பிவிட்டதற்கான பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் சத்தமில்லை. ஆனால் மெஷினிலிருந்து சிங்க்குக்குள் இறங்கும் மெல்லிய வெள்ளைக் குழாயின் நுனியிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"அது வேஸ்ட் தண்ணிம்மா. ஆர்.ஓ.ன்னா அப்படித்தான்" என்றேன், தூக்கக் கலக்கத்தில்.

"மெஷின்தான் ஓடலையே. அப்புறம் எங்கேயிருந்து வருது வேஸ்ட்டு?"

பதில் தெரியவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. இந்தப் பக்கத்திலேயே தண்ணீர்ச் சிக்கனம் பற்றி எத்தனை கோடையில் உங்களுக்கு உபதேசம் செய்திருக்கிறேன்!

காலையில் 200 மில்லி பிடிக்கும் எவர்சில்வர் டம்ளரைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டுக் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். சரியாக இரண்டு நிமிடத்தில் நிரம்பியது. மணிக்கு 6 லிட்டர். ஒரு நாளைக்கு 144 லிட்டர். நம் வீடுகளில் புழங்கும் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால், யாரும் குடிக்காத, யாரும் கேட்காத பத்துக் குடம் தண்ணீர் தினமும் சாக்கடைக்குப் போயிருக்கிறது. எத்தனை நாளாக என்று எனக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. மெஷின் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பதில் தேடிப் போய்த்தான் இந்த மெஷினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன்.

நம் பழைய எவர்சில்வர் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர், மெழுகுவர்த்தி போல நிற்கும் கேண்டில் வழியாகக் கசிந்து கீழ்ப் பாத்திரத்துக்கு வரும். வழி ஒன்றுதான். உள்ளே போன தண்ணீரெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். கீழே நிரம்பியிருப்பதைப் பார்க்காமல் மேலே ஊற்றிவிட்டால் இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் கசிந்து மேடை நனையும். திட்டு விழும். தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஆர்.ஓ. அப்படியல்ல. அது ஒரு வாசலில் நுழைந்து இரண்டு வாசலில் வெளியேறும் வீடு. மெம்பரேன் என்கிற சவ்வின் மேல் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது அதில் ஒரு பங்கு சவ்வை ஊடுருவி நல்ல தண்ணீராகத் தொட்டிக்குப் போகிறது. மீதி, உப்பையெல்லாம் சுமந்துகொண்டு இரண்டாவது வாசல் வழியாகக் கழிவுக் குழாய்க்குப் போகிறது. அந்த ஓட்டம் இருந்தால்தான் சவ்வின் மேல் உப்புப் படியாமல் கழுவிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்தக் கழிவு வாசலை முழுதாக அடைக்க மாட்டார்கள், எஃப்.ஆர். என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு சின்ன நெருக்குக் குழலை வைத்து ஓட்டத்தைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். அது எப்போதும் திறந்திருக்கும் வாசல்.

இப்போது தொட்டி நிரம்பிவிட்டது என்று வையுங்கள். நல்ல தண்ணீர் போகும் வாசலை மட்டும் மூடினால் என்ன ஆகும்? வீட்டுக்குள் வரும் தண்ணீர் முழுவதும் மற்ற வாசல் வழியாக வெளியேறும். சொட்டு நல்ல தண்ணீர்கூடக் கிடைக்காமல் எல்லாமே கழிவாகும். அதனால் ஆர்.ஓ.வில் 'தொட்டி நிரம்பினால் நிறுத்து' என்பதற்கு வெளி வாசலை மூடு என்று பொருளில்லை, உள் வாசலை மூடு என்று பொருள்.

அதற்கு நம் ஊர்ச் சுவர் மெஷின்களில் மூன்று பேர் கூட்டாக வேலை செய்கிறார்கள். தொட்டிக்குள் கட்டைவிரல் கணு அளவில் ஒரு மிதவை, ஃப்ளோட் என்பார்கள். பல மாடல்களில் அதற்குள் ஒரு காந்தம் இருக்கும். தண்ணீர் மேலேற மிதவையும் ஏறி, ஓர் உயரத்தில் தண்டுக்குள் இருக்கும் இரண்டாமவரை, அதாவது சுவிட்சை, மாற்றிவிடும். உடனே மின்சாரம் நிற்கும், பம்ப் நிற்கும், பச்சை விளக்கு எரியும். மூன்றாமவர் சோலனாய்டு வால்வு. பம்புக்கு முன்னால், தண்ணீர் உள்ளே வரும் வழியில் காவல் நிற்பவர். மின்சாரம் இருக்கும்வரை அவர் கதவைத் திறந்து வைத்திருப்பார். மின்சாரம் போனதும் ஒரு ஸ்பிரிங் கதவைச் சாத்திவிடும்.

என் வீட்டில் முதல் இருவரும் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள். மூன்றாமவரின் கதவு சாத்தவில்லை.

மாடித் தொட்டி உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குச் சொந்த அழுத்தம் உண்டு. பம்ப் நின்றுவிட்டாலும், கதவு சரியாகச் சாத்தாவிட்டால் அந்த அழுத்தத்தில் தண்ணீர் உள்ளே வந்து, சவ்வைத் தாண்ட வலுவில்லாமல், நேரே கழிவுக் குழாயில் இறங்கிவிடும். "மெஷின்தான் ஓடலையே" என்று அம்மா கேட்டாரே, அதற்கான பதில் இதுதான். மெஷின் ஓடவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டாலும் ஓடும். சிக்கனமாக இருக்கிறோம் என்று ஊருக்குப் போகும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போன நாட்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

சர்வீஸ் தம்பி வந்து வால்வைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருக்கும் ரப்பர்த் தகட்டின் விளிம்பில், கடுகில் பாதி இருக்கும், ஒரு துருத் துணுக்கு. "மண்ணு உக்காந்துடுச்சு சார். வெளியில இருக்கிற ப்ரீ-ஃபில்டரை எப்ப மாத்துனீங்க?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். வால்வும் ப்ரீ-ஃபில்டர் கேண்டிலும் மாற்ற ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. "நிறைய வீட்டுல இப்படித்தான் சார் ஓடுது. மோட்டார் ஓடிட்டே இருந்தா கூப்பிடுவாங்க. தொட்டி பொங்கி வழிஞ்சா கூப்பிடுவாங்க. இதுக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுதான் என்னை உறுத்துகிறது. பெரிய பழுது சத்தம் போடுகிறது. மோட்டார் நிற்காமல் போனால் எரிச்சலாகிறது, மிதவை சிக்கித் தொட்டி வழிந்தால் தரை நனைகிறது. இந்தச் சின்னப் பழுது தனக்கென்று ஒதுக்கிய குழாயிலேயே மரியாதையாகப் போய்விடுகிறது. பச்சை விளக்கு வேறு எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகனிடம் போனில் இதைச் சொன்னேன். அங்கே பல வீடுகளில் சிங்க்குக்கு அடியில் வைக்கும் மாடல். மின்சாரமே கிடையாது. தொட்டிக்குள் ஒரு ரப்பர்ப் பையும் அழுத்திய காற்றும் இருக்கும். தண்ணீர் நிரம்ப நிரம்பத் தொட்டியின் அழுத்தம் ஏறும். அது உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும், நாலு துளை வைத்த ஒரு குட்டி வால்வு தானாக உள் வாசலை மூடிவிடும். குறைந்த அழுத்தம் கூடின அழுத்தத்தை எப்படி மூடும் என்று கேட்பீர்கள். வால்வுக்குள் இருக்கும் தகட்டில் தொட்டிப் பக்கத்து முகம் பெரியது, வரும் தண்ணீரின் பக்கத்து முகம் சிறியது. பரப்பில் கூடியவன் அழுத்தத்தில் கூடியவனை ஜெயிக்கிறான். அழகான ஏற்பாடு. அதிலும், தொட்டித் தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு பழுதானால், அழுத்தம் நிலைக்காமல் கழிவு ஓடிக்கொண்டே இருக்கும். "உங்க வீட்டுல ஓடுதா பாருடா" என்றேன். "இருக்காது மாமா. இங்க தண்ணிக்கு மீட்டர். ஓடினா பில்லே சொல்லிடும்" என்றான்.

எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு மீட்டர் கிடையாது. எங்களுக்குச் சொல்ல அம்மாதான் ஊரிலிருந்து வர வேண்டியிருந்தது.

மிதவையை வைத்துத் தண்ணீரை நிறுத்தும் யோசனை மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த டெசிபியஸ் தன் நீர்க் கடிகாரத்தில் மட்டம் மாறாமல் இருக்க ஒரு மிதவையை வைத்தார் என்று தொழில்நுட்ப வரலாற்றில் சொல்கிறார்கள். அதன் கொள்ளுப்பேரன்தான் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியிலும் சம்ப்பிலும் மிதக்கும் பால் வால்வு. சவ்வோ நேற்றுப் பிறந்தது. கடல் நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும், வேலைக்கு உதவும் சவ்வை 1960-ஐ ஒட்டி கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து போன சீனிவாச சௌரிராஜனும். 1965-ல் கொலிங்கா என்ற சிற்றூரில் மக்கள் குடிக்க அந்த முறையில் தண்ணீர் கொடுத்தார்கள். சௌரிராஜனின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய சவ்வின் வாரிசு தெருவுக்கு நாலு வீட்டில் தொங்குகிறது.

ஆர்.ஓ. எல்லோருக்கும் வேண்டுமா என்ற கேள்வியை நான் இங்கே நீட்டப்போவதில்லை. ஒன்று மட்டும். குடிநீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்; வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யவும், மற்ற இடங்களில் உள்ளே போகும் தண்ணீரில் குறைந்தது 60 விழுக்காடாவது குடிநீராகக் கிடைக்கும்படி விதி வகுக்கவும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. நம் வீட்டு மெஷின்களில் பலவும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டரைக் கழிவாக அனுப்புகின்றன. டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெஷின் வாங்கும் முன் அதை வாங்குங்கள். கிருமிக்குப் பயந்துதான் மெஷின் என்றால், உப்புக் குறைந்த தண்ணீருக்குக் கொதிக்க வைப்பதே போதும்.

அந்த 2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 டேங்கர்களில் 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் அதற்கு மாலை மரியாதையோடு வரவேற்பு. பிறகொரு ராத்திரி தூக்கம் வராமல் போட்ட கணக்கைச் சொல்கிறேன்: என் வீட்டைப் போல 17,000 சொச்சம் அடுப்படிகளில் ஒரு நாள் முழுக்க ஒழுகினால் அந்த ரயில் காலி.

சிலர் இதற்குக் குறுக்கு வழி செய்கிறார்கள். எங்கள் மூன்றாம் மாடி நண்பர், ஒழுகும் குழாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டார். ஒழுகல் நின்றது. மறுபடி மெஷின் ஓடியபோதும் கட்டு அப்படியே இருந்தது. கழுவ வழியில்லாமல் உப்புச் சவ்வின் மேலேயே படிந்து, சில வாரத்தில் மெம்பரேன் மாற்றும்படி ஆயிற்று. கழிவுக் குழாயைக் கட்டாதீர்கள். நிறுத்த வேண்டியது வரும் தண்ணீரை.

இன்னொரு கூட்டம், கழிவைப் பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற என்று பயன்படுத்துகிறது. நானும் இப்போது அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். உள்ளே வரும் தண்ணீர் 600 டி.டி.எஸ். என்றால் கழிவு 800-ஐ நெருங்கும். துடைக்க, துணி அலச இது போதும். செடிக்கு ஊற்றுமுன் மட்டும் மீட்டரை வைத்துப் பாருங்கள். இதில் ஒரு தொல்லை. தொட்டிக்கு மிதவை உண்டு, பக்கெட்டுக்கு இல்லை. முதல் வாரத்திலேயே மறந்துபோய்ச் சமையலறை முழுக்கத் தண்ணீர். பக்கத்து வீட்டு மாடித் தொட்டியில் ஓர் அலாரம் இருக்கிறது. தொட்டி நிரம்பினால் ஒரு பெண் குரல் மோட்டாரை நிறுத்தச் சொல்லித் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும். அதைக் கேட்டு எத்தனை முறை முகம் சுளித்திருக்கிறேன். இப்போது அந்த அம்மாளின் மேல் மரியாதை வந்திருக்கிறது.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். மிதவை, காவல்காரன், இரண்டு வாசல் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "கலுங்குல போற தண்ணி அடுத்த கண்மாய்க்குப் போகும். இது எங்க போகுது?" என்றார். சாக்கடைக்கு என்றேன். "அப்ப இதை மறுகால்னு சொல்லப்படாது" என்றார். ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய்க்கு 48 மடை என்று சிறுவயதில் அவர் மடியில் படுத்துக் கதை கேட்டவன் நான். நிறைந்த தண்ணீருக்கு அடுத்த ஊர் என்று ஒரு முகவரி வைத்திருந்தார்கள். அவர் திருத்தியது சரிதான். தலைப்பை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி படுக்கப் போகுமுன் உங்கள் வீட்டு மெஷினில் தொட்டி நிரம்பியதைக் காட்டும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தபின் பத்து நிமிடம் விடுங்கள். சில மாடல்கள் நின்றதும் கொஞ்ச நேரம் தம்மைக் கழுவிக்கொள்ளும். பிறகு கழிவுக் குழாய்க்கு அடியில் ஒரு காலி டம்ளரை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். காய்ந்திருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். தண்ணீர் சேர்ந்திருந்தால், மெஷினுக்குப் பிரியும் இடத்தில் இருக்கும் சின்னத் திருகை மூடிவிட்டு மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதுவரை மெஷினைப் போடுமுன் அந்தத் திருகைத் திறக்க மறக்க வேண்டாம். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்ப் கெடும். தொட்டியைக் கழுவும்போது மிதவையைப் பிடித்து இழுக்காதீர்கள். ப்ரீ-ஃபில்டர் மாற்றிய தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள், நான் எழுதிவிட்டேன்.

எத்தனை நிமிடத்தில் டம்ளர் நிரம்பியது, அல்லது நிரம்பவேயில்லை என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். தபால் அட்டை போதும். வருகிற கடிதங்களை அடுத்த இதழில் தொகுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்